கரையேறியதும் ஒரு மிஸ்டு கால்

தேர்தல் முடிந்து எங்கள் வீட்டுத் துப்பாக்கி காவல் நிலையத்திலிருந்து திரும்பி வந்த அன்று எனக்கு அழுகையே வந்தது. தேர்தல் அறிவித்தவுடன் உரிமம் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட வேண்டும். ஓட்டு எண்ணி முடித்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஊருக்கெல்லாம் தேர்தல் என்றால் மைக் சத்தமும் கொடியும். எனக்கு அது துப்பாக்கி இல்லாத வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற காலம். அது முடிந்துபோனதே என்றுதான் அழுகை.

நான் பயந்தாங்கொள்ளி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுவேன். டிரான்ஸ்பார்மர் இருக்கிற தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். பாபநாசத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பிறந்தநாள் என்று பிள்ளைகள் பலூன் கொண்டுவந்தால் டீச்சர் காதைப் பொத்திக்கொள்வாள் என்பது பள்ளிக்கூடம் முழுக்கப் பிரசித்தம். இப்படிப்பட்டவளுக்குப் பட்டாளத்துக்காரர் வாய்த்தார்.

என் கணவர் பீரங்கிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தத்தில் வலது காது பாதி போய்விட்டது. ஆனால் கண்ணுக்கும் கைக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டாளத்தில் சுடும் போட்டிகளில் வாங்கிய கோப்பைகள் பீரோவின் மேல் வரிசையாக நிற்கின்றன. "எனக்குக் குறி தப்பாது" என்பதை அவர் பெருமையாகச் சொல்லமாட்டார், மழை வரும் என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்வார். அவருடைய அப்பாவும் அம்மாவும் கொள்ளிடக் கரையோரத்து வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். ஓய்வு பெற்று வந்ததும் அவர் வாங்கியது அதே வயல்களில் ஒன்றை. அந்த வயலில் ஒரு எலி வாய் வைத்தாலும் அவருக்கு அது தன் வீட்டுச் சட்டியில் வாய் வைத்த மாதிரி.

வயல் எலிக்கு எல்லோரையும் போல நாங்களும் மூங்கில் கிட்டி வைக்கிறோம். தலையை நீட்டினால் கழுத்தில் இறுகிவிடும். பெருச்சாளி அதற்குள் அடங்காது. வரப்பைக் குடைந்து ஓட்டை போடும், தண்ணீரெல்லாம் வடிந்துவிடும். அதற்காகத்தான் பயிர்ப் பாதுகாப்பு உரிமத்தில் ஒரு பாயின்ட் டூ டூ ரைஃபிள் வைத்திருந்தார். மெலிசாக, பார்க்கப் பொம்மைத் துப்பாக்கி போல இருக்கும். ஆனால் பெருச்சாளி இருட்டிய பிறகுதான் வெளியே வரும், டார்ச் அடித்தால் ஓடிவிடும். ஆகவே இருட்டில் பார்க்கிற நைட் விஷன் ஸ்கோப் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் அவ்வளவுதான்.

பார்சல் வந்தது. ஸ்கோப் கறுப்பாக, ஒரு முழ நீளம் இருந்தது. அதன் முதுகில் ஒரு சின்ன விளக்கு. அந்த விளக்கின் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கோப்புக்கு மட்டும்தான் தெரியுமாம். நம் மேல் வெளிச்சம் விழுகிறது, விழுவது நமக்கே தெரியாது என்றால் அது என்ன எழவு வெளிச்சம்?

கூடத்து மேசையில் பழைய போர்வையை விரித்தார். துப்பாக்கியை எடுத்து, போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எங்கள் வீட்டுச் சட்டம் அது. துப்பாக்கி வெளியே இருக்கிற வரைக்கும் போல்ட் என்னிடம்தான் இருக்கவேண்டும். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் குழாய்தான் என்று எத்தனையோ தடவை எனக்கு விளக்கியிருக்கிறார். ஆனாலும் குழாயின் வாய் என் பக்கம் திரும்பினால் நான் எழுந்து இடம் மாறி உட்காருவேன்.

துப்பாக்கியின் முதுகில் ஸ்கோப்பைப் பிடிப்பதற்கு இரண்டு பள்ளங்கள் ஓடுகின்றன. எங்களுடையது குறுகல். ஸ்கோப்போடு வந்த பிடி அகலம். நடுவில் மாட்ட அடாப்டர் ஒன்று வரவழைத்தார். அது கொஞ்சம் ஆடியது. என் அண்ணன் சுவாமிமலையில் சிலை வார்க்கும் பட்டறையில் இருக்கிறார். அவரிடம் சொல்லி மெல்லிய பித்தளைத் தகடு ஒரு துண்டு வாங்கி, கீற்றாக நறுக்கி, இடையில் கொடுத்து முறுக்கினார். நாலு திருகையும் ஒரே மூச்சில் முறுக்கவில்லை. லாரிக்கு டயர் மாட்டுகிறவர்கள் செய்வது போல ஒன்றுக்கு எதிர் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக.

"ஆடுதா பாரு."

ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். "ஆடலைங்க."

"ஆடலைன்னா மட்டும் போதாது. இப்ப இது ஒரு எடத்தப் பாக்குது, குழாய் வேற எடத்தப் பாக்குது. ரெண்டையும் ஒரே எடத்துல பாக்க வைக்கணும். அதுக்குப் பேருதான் ஜீரோ பண்றது. நீ அந்தப் பொஸ்தகத்தப் படி."

விளக்கப் புத்தகம் பொடி எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அவர் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். குறி சரிசெய்கிற பக்கம் வந்தது. ஒரு தடவை சுட வேண்டும். துப்பாக்கியை அசைக்காமல் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் அப்படியே நின்றுவிடும். நின்ற படத்தில் குண்டு எங்கே பட்டதோ அந்த ஓட்டைக்குக் கூட்டல் குறியை நகர்த்திக்கொண்டு போய் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவுதான். அடுத்த குண்டு பார்க்கிற இடத்தில் போய்ப் படும்.

"ஒரே குண்டுலயா?" என்றார். "நாங்கள்லாம் அங்க நாலு அஞ்சு குண்டு போட்டுத் திருகித் திருகி வைப்போம்."

"ஒரே குண்டுதான் போட்டிருக்கு."

"ரெண்டாவது நேரா குறியிலயா?"

"ஆமாங்க. அப்படித்தான் எழுதியிருக்கு."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பரீட்சைக்குப் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். எனக்கு எந்தப் பாடம் நடத்தினாலும் அரைகுறையாக நடத்தத் தெரியாது.

அன்று சாயங்காலம் கொல்லைப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து தனியாகக் கழற்றி, கண்ணில் வைத்துப் பார்த்தோம். நான் கறுப்புச் சேலை கட்டியிருந்தேன். என்னை மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிற்கச் சொன்னார்.

"ஏய், நீ வெள்ளைச் சேலைல நிக்கிறியே!" என்று சிரித்தார். "இதுல துணிக்கு நெறமே கெடையாது போலருக்கு. எதக் கட்டுனாலும் வெள்ளைதான்."

பிறகு நான் வாங்கி அவரைப் பார்த்தேன். முகம் சுண்ணாம்பு பூசினது போல இருந்தது. கண் இரண்டும் வெறும் வெளிச்சம். நான் பார்ப்பது அவருக்குத் தெரியவில்லை, மூக்கைச் சொறிந்துகொண்டு நின்றார். இந்த மனிதரைப் பத்திரமாக வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தவேண்டும் போல இருந்தது.

ஐப்பசி கடைசியில் ஸ்கோப்பை மறுபடி மாட்டிக்கொண்டு குறி பார்க்கக் கிளம்பினோம். சம்பா தூர் கட்டுகிற நேரம். அன்று காலையில்தான் யூரியா தூவியிருந்தோம். போன வாரம் ஓரத்துப் புல்லைச் செதுக்கி அண்டை வெட்டி, பெருவரப்புக்குச் சேறு அணைத்துப் பூசியிருந்தார்கள். அந்த வரப்பு புதிதாகப் பூசிய சுவர் போல வழவழவென்று இருந்தது.

இந்தச் சீமையில் துப்பாக்கி சுட இடமே கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சமதளம். சின்னக் குண்டுதானே என்று நினைக்கக்கூடாது, தடுக்க ஒன்றும் இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குப் போகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்கள் வயலுக்கு இருக்கிற ஒரே மேடு கொள்ளிடக் கரை. வயலின் இந்த முனையில் மோட்டார் கொட்டகை. அந்த முனையில் பெருவரப்பு, அதை ஒட்டி ஒரு வடிவாய்க்கால், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி நிற்கும் கரை. கொட்டகையிலிருந்து வரப்பைப் பார்த்துச் சுட்டால் குண்டு வரப்பில் புதையும், தப்பினால் கரையில் புதையும். இதையெல்லாம் அவர் ஒரு வாரமாக யோசித்து வைத்திருந்தார். அஜாக்கிரதை என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

குறிக்கு ஒரு வெள்ளை யூரியா சாக்கில் வைக்கோல் திணித்து, கறுப்பு டேப்பால் கூட்டல் குறி ஒட்டி, மூங்கில் குச்சியில் கட்டியிருந்தோம். அதைக் கொண்டுபோய் வரப்போரம் நட வேண்டியது என் வேலை. அவர் கொட்டகை வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கி, துப்பாக்கியை அதன்மேல் படுக்கவைத்து, காதில் பஞ்சை அடைக்கத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மூட்டைய நட்டுட்டு நேரா கரை மேல ஏறிடு. அரச மரத்தத் தாண்டிப் போயி நின்னுக்கிட்டு ஒரு மிஸ்டு கால் குடு. அது வந்தாத்தான் போல்ட்டையே உள்ள போடுவேன். வரலைன்னா உக்காந்துதான் இருப்பேன்."

"நல்லாப் பாத்துச் சுடுங்க."

"பயந்து சாவாத. போ."

போல்ட் என் கையில்தான் இருந்தது. அதை அவரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

பொழுது இறங்கி மசமசவென்று ஆகியிருந்தது. மூட்டையை நட்டு மண்வெட்டியால் இரண்டு போடு போடும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. கையில் ஒரு காலி யூரியா சாக்கு வைத்திருந்தேன். ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துக் கொங்காணியாக்கித் தலையில் மாட்டிக்கொண்டேன். அது தலையிலிருந்து இடுப்பு வரைக்கும் முதுகை மூடும். இங்கே மழைக்கு எல்லோரும் போடுவதுதான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிக் கரைமேல் ஏறினேன்.

ஏறி நின்றதும் அந்தச் சத்தம் கேட்டது. தண்ணீர் தானாக ஓடுகிற சத்தம் வேறு, தப்பித்து ஓடுகிற சத்தம் வேறு. குனிந்து பார்த்தால் எங்கள் வரப்பின் அடியிலிருந்து வாய்க்காலுக்குள் கொடகொடவென்று கொட்டிக்கொண்டிருக்கிறது. நண்டு வளை. காலையில் போட்ட யூரியா அத்தனையும் கரைந்து வாய்க்காலோடு போகிறது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க இந்த ஊரில் யாராலும் முடியாது. எனக்கும் முடியவில்லை.

கொஞ்சம் பொறுங்கள், வளையை அடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லத்தான் போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன். மணி போனது. கட் பண்ணினார். எங்கள் வீட்டில் அவர் கட் பண்ணினால் 'பொறு, நானே கூப்பிடுறேன்' என்று அர்த்தம். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி, கடைத்தெருவிலிருந்து கூப்பிட்டாலும் சரி, பத்து வருடமாக அதுதான் அர்த்தம். கையில் ஏதோ வேலையாக இருக்கிறார், கூப்பிடுவார், அதற்குள் ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டு போனை நனையாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு, செருப்போடு கரைமேலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

மிஸ்டு காலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு நான் கொடுத்தது மிஸ்டு கால்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. இரண்டு டிகிரி வாங்கிய மண்டை இது.

வாய்க்காலையும் வரப்பையும் தாண்டி வயலுக்குள் இறங்கினேன். வளையை உள்பக்கத்திலிருந்துதான் அடைக்க முடியும். நான் நட்டு வைத்த வைக்கோல் மூட்டை, சேறு இளகிச் சாய்ந்து தண்ணீரில் குப்புற விழுந்து கிடந்தது. வளையை அடைத்துவிட்டு அதை நிமிர்த்தலாம் என்று விட்டுவிட்டேன். மண்வெட்டியை வரப்பில் ஒரு கொத்துக் கொத்தி நிறுத்தினேன். அதன் காம்பு என் தோளுக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கொட்டகைக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து, வளைக்குள் கையை விட்டேன். உள்ளே தண்ணீர்ப் பாம்பு இருந்தால் என்ன செய்வது என்று அப்போது பயந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஒரு பிடி புல்லைச் சுருட்டித் திணித்து, களிமண்ணை அள்ளி அள்ளி அப்பினேன்.

பட்டென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். ஈரத் துணியைக் கல்லில் ஒரு அறை அறைந்த மாதிரி. என் வலது கன்னத்தில் சேறு வந்து அடித்தது. திரும்பிப் பார்த்தால், எட்டிக் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வழவழவென்று பூசியிருந்த வரப்பில் விரல் நுழைகிற ஓட்டை ஒன்று.

முதலில் நண்டு என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கட் ஆன போன், விழுந்து கிடக்கிற மூட்டை, என் முதுகில் வெள்ளைச் சாக்கு. தூறலில் அந்த ஸ்கோப்புக்குள் புகைமூட்டமாக இருக்கும். அந்தப் புகைக்குள் வரப்போரம் உட்கார்ந்திருக்கிற ஒரே வெள்ளை மூட்டை நான்.

கத்த வாயைத் திறந்தேன். 'என்னங்க' என்பது என் காதுக்கே கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பாதி காது, அதிலும் பஞ்சு. எழுந்து நின்று கையை ஆட்டலாம். எழுந்து நிற்கிற அந்த நொடியில் அவர் விரல் எங்கே இருக்கும்? ஓடலாம். அசைகிற வெள்ளையை அவர் என்னவென்று நினைப்பார்? தொடை நடுங்குகிற நடுக்கத்தில் என்னைச் சுற்றியிருந்த தண்ணீர் அலையடித்தது. எனக்கு அது மட்டும் நன்றாகத் தெரிந்தது, தண்ணீர் அலையடிப்பது.

பயத்தில் புத்தி மரத்துப்போகும் என்பார்கள். எனக்கு அந்தப் பொடி எழுத்துப் பக்கம் வரி வரியாக ஓடியது. ஒரு தடவை சுட வேண்டும். பொத்தானை அழுத்த வேண்டும். படம் நிற்கும். குண்டு பட்ட ஓட்டைக்குக் கூட்டல் குறியை நகர்த்த வேண்டும். பூசிய வரப்பில் அந்த ஓட்டை பளிச்சென்று தெரியும், அதைத் தேடக்கூட வேண்டாம். அடுத்த குண்டு பார்க்கிற இடத்தில் போய்ப் படும். நானேதான் இரண்டு தடவை படித்துச் சொன்னேன். அவருக்குக் குறி தப்பாது.

அப்படியானால் இப்போது அவர் பார்ப்பது நின்றுபோன படம். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பொத்தானை அழுத்தி அழுத்திக் குறியை நகர்த்துகிற வரைக்கும் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார், என்னைப் பார்க்கமாட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போனில் ஒரு நம்பரைத் தேட அரை நாள் எடுக்கிற மனிதர். அந்த மந்தத்துக்காக நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. அன்றைக்கு அதுதான் எனக்குக் குலதெய்வம்.

தலையிலிருந்து சாக்கை உருவினேன். மூட்டை காணாமல் போனால் அவர் ஸ்கோப்பை இப்படி அப்படித் திருப்பித் தேடுவார், தேடினால் நான் கட்டியிருக்கிற அரக்குச் சேலையும் வெள்ளையாகத்தான் தெரியும். இதை அப்போது யோசித்தேனா, கை தானாகச் செய்ததா, தெரியவில்லை. கொங்காணியை அப்படியே மண்வெட்டிக் காம்பில் மாட்டிவிட்டேன். சேற்றில் குப்புறப் படுத்து, வரப்போடு ஒட்டி, இடது பக்கமாக ஊர்ந்தேன். வாயில் சேறு. பயிர் முகத்தில் கீறியது. எவ்வளவு தூரம் ஊர்ந்தேனோ, அதற்கு மேல் முடியாமல் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டேன். வெளியூரில் படிக்கிற மகளை நினைத்தேன் என்றோ சாமியை நினைத்தேன் என்றோ எழுதினால் அது பொய். 'வேண்டாங்க, வேண்டாங்க' என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் அந்தச் சின்னச் சத்தம். தலையைத் தூக்கிப் பார்த்தேன். மண்வெட்டி சாய்ந்துகொண்டிருந்தது. சாக்கு அதோடு போய் வரப்பில் விழுந்தது.

கொட்டகைப் பக்கமிருந்து அவர் குரல் வந்தது. கரைமேல் நிற்கிற எனக்குக் கேட்கட்டும் என்று கத்தினார்.

"ஏய்! பாத்தியா? நீ சொன்ன மாதிரியே! ஒரே குண்டுல ஜீரோ!"

டார்ச்சை ஆட்டிக்கொண்டு வயலுக்கு நடுவே வந்தார். சின்னப் பையன் போல வந்தார். பதில் சொல்ல வாயைத் திறக்கிறேன், தொண்டையிலிருந்து காற்றுதான் வருகிறது. அவர் குனிந்து சாக்கை எடுத்தார். உள்ளே வைக்கோல் இல்லை. நடுவில் குண்டு போன ஓட்டை. மூலைக்குள் மூலை திணித்த கொங்காணி. எங்கள் வீட்டில் அப்படி இறுக்கித் திணித்துப் போடுகிறவள் நான்தான்.

டார்ச் வெளிச்சம் அசையாமல் நின்றது. பிறகு வேகமாகத் தண்ணீரில் தேட ஆரம்பித்தது. நாலைந்து எட்டு தள்ளிக் குப்புறக் கிடந்த வைக்கோல் மூட்டையின் மேல் போய் விழுந்தது. அவர் அதை நோக்கி ஓடினார். முழங்காலில் விழுந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துப் புரட்டினார். அப்போது அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதர் போடுகிற சத்தம் இல்லை அது. அதைக் கேட்டுத்தான் எனக்குக் குரல் வந்தது.

"இங்க இருக்கேங்க."

வந்து என்னைத் தூக்கி உட்காரவைத்தார். தலை, கழுத்து, முதுகு, வயிறு என்று கையால் தடவித் தடவிப் பார்த்தார். கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேறுதான்.

"எங்க பட்டுச்சு? சொல்லு, எங்க?"

"எங்கயும் படலைங்க."

பக்கத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ரெண்டு சுட்டேன். மொதக் குண்டு சுடும்போது நீ எங்க இருந்த?"

அவர் கேட்பது என்னவென்று எனக்குப் புரிந்தது. அந்த முதல் குண்டை என் முதுகுக்குத்தான் குறி பார்த்தாரா என்று கேட்கிறார். ஸ்கோப் சரியாக உட்கார்ந்திருந்தால், முதலிலேயே நேராக இருந்திருந்தால் என்று கேட்கிறார். நான் ஆமாம் என்றால் இந்த மனிதர் இனி எந்த இரவும் தூங்கமாட்டார். என் பயமெல்லாம் அந்த நொடியில் அவருக்கான பயமாக மாறிவிட்டது.

"கரைமேல இருந்தேங்க," என்றேன். "சத்தம் கேட்டப்புறந்தான் எறங்குனேன். ரெண்டாவது சுடுறதுக்குள்ள சாக்க மண்வெட்டில மாட்டிட்டு இப்படி ஓரமா வந்துட்டேன்."

டார்ச் அவர் மடியில் கிடந்தது. வெளிச்சம் வரப்பின்மேல் நீளமாக விழுந்திருந்தது. அதில் முதல் குண்டின் ஓட்டை. அதிலிருந்து கையெட்டும் தூரத்தில் பாதி அடைத்த நண்டு வளை, அப்பிய களிமண்ணில் என் ஐந்து விரலும் பதிந்த தடம். அது ஒரு நிமிடத்தில் ஆகிற வேலை இல்லை. என் வலது கன்னத்தில் குண்டு தெறித்த சேறு அப்பியிருக்க வேண்டும், அல்லது ஊர்ந்ததில் போயிருக்கலாம். அவர் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார்.

எழுந்துபோய் வரப்போரம் மண்டியிட்டார். வளையிலிருந்து தண்ணீர் இன்னும் போய்க்கொண்டிருந்தது. களிமண்ணை அள்ளி அடைத்தார். என் விரல் தடங்களின்மேல் உள்ளங்கையால் மெழுகினார். பிறகு குண்டு போன ஓட்டையையும் அதே மாதிரி மண் வைத்து மெழுகினார்.

மறுநாள் ஸ்கோப்பைக் கழற்ற உட்கார்ந்தார். தானே முறுக்கிய திருகில் அலன் கீயை நுழைக்க அவரால் முடியவில்லை. கை அவ்வளவு நடுங்கியது. நான்தான் கழற்றினேன். துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எழுத்தர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எலெக்‌ஷன் ஒண்ணும் அறிவிக்கலையேண்ணே?"

"எப்ப வேணா வரும்ல," என்றார் இவர். "இங்கயே இருக்கட்டும்."

அந்த வாரக் கடைசியில் தஞ்சாவூர் போய்விட்டு வந்தவர் ஒரு கவரை என்னிடம் நீட்டினார். மழைக்கோட்டு. கண்ணைப் பறிக்கிற சிவப்பு. வீட்டில் இருந்த யூரியா சாக்குகளை எல்லாம் அதற்கு முன்பே அடுப்படிக்குப் பின்னால் போட்டு எரித்திருந்தார்.

"இதப் போட்டுக்கிட்டா எவ்வளவு தூரத்துலேருந்து பாத்தாலும் நீதான்னு தெரியும்," என்றார்.

அந்த ஸ்கோப்பில் இதுவும் வெள்ளையாகத்தான் தெரியும். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். போட்டுக்கொண்டு நின்றேன். "நல்லாருக்குங்க," என்றேன். அவர் கிட்டே வந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்து வரைக்கும் தானே போட்டுவிட்டார். கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததால் அதற்கு வெகு நேரம் ஆனது.